அம்மாள் வந்திருந்த வீடு

அந்த ஊர்க் கண்ணகை அம்மன் கோயில் கதவு வருசத்தில் ஒரு முறைதான் திறக்கும். வைகாசியில் திறந்து, கடைசி நாளில் அம்மாளின் மனம் குளிரக் குளிர்த்தி பாடி முடிந்ததும் பூட்டிவிடுவார்கள். மற்ற நாளெல்லாம் அம்மாளும் தனிச்சுத்தான். இந்த வருசம் கதவு திறந்த அன்றைக்கே வினாயகமூர்த்திக்குக் காய்ச்சலும் தொடங்கியது. அதுதான் வந்த வினை. ஒரு கிழமை முந்தியோ பிந்தியோ மனுசனுக்குக் காய்ந்திருந்தால் ஆரும் ஒன்றும் நினைத்திருக்கமாட்டார்கள், ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பார்கள்.

அவருடைய வீடு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வயல் வட்டை தொடங்குகிற மூலையில் இருக்கிறது. அந்தத் துறையில் பாலம் கிடையாது. ஆளும் மாடும் ஆட்டோவும் ஒன்றாக ஏறி நிற்கிற, பாதை என்று சொல்லும் இயந்திரம் பூட்டிய மிதவை ஒன்றுதான் அக்கரைக்கும் இக்கரைக்கும் மிதந்து திரியும். வினாயகமூர்த்தி நெல் மூட்டை தூக்கியே வளர்ந்த உடம்பு. நெல் வெட்டு முடிந்து ஓட்டமாவடி லொறிகள் வயல் வரம்போரம் வந்து நின்றால், முதலாளி மஜீட் கீழே இறங்குமுன்னமே "மூர்த்தியண்ணன் எங்க?" என்றுதான் கேட்பார். மாரி வெள்ளாமை வெட்டில் ஒரு நாள் மூட்டையைத் தோளுக்கு எடுத்தவர் அப்படியே குந்திவிட்டார். இடது கால் மரத்துப்போனது. படம் பிடித்துப் பார்த்த பெரிய டொக்டர், முள்ளந்தண்டில் ஒரு தட்டு விலகி நரம்பை அமத்துகிறது, ஒப்பரேசன் செய்யாமல் சரிவராது என்றார்.

ஒப்பரேசன் நல்லபடிதான் நடந்தது. காலுக்கு உணர்ச்சி திரும்பியது. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு வாட்டு டொக்டர் ஒரு விசயத்தை மட்டும் இரண்டு தரம் சொன்னார்: "காய்ச்சல் வந்தாலோ, தையல் போட்ட இடம் நனைஞ்சாலோ ஒண்டும் யோசியாம உடனே வாங்க ஐயா. பனடோலைப் போட்டுட்டு வீட்டில படுத்திராதீங்க. உங்களுக்குச் சீனி வருத்தமும் இருக்கு." வினாயகமூர்த்தி தலையாட்டினார். தலையாட்டுவதில் அந்த மனுசனுக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு ஊருக்குக் கிட்டவுள்ள சின்ன ஆஸ்பத்திரியில் தையல் வெட்டினார்கள். காயம் நன்றாகக் காய்ந்திருக்கிறது என்றார்கள். அன்றைக்கு அது காய்ந்துதான் இருந்தது.

காயம் காலிலோ கையிலோ என்றால் தானே பார்த்துக்கொள்ளலாம். முதுகை யார்தான் பார்க்க முடியும்? அதற்கென்று வீட்டில் இன்னொரு ஆள் வேண்டும். வினாயகமூர்த்தியின் வீட்டில் அந்த இன்னொரு ஆள் இல்லை. பெண்சாதி சீதேவிப்பிள்ளை குவைத்தில் இருக்கிறாள், வருசக்கணக்காக. அங்கே படுக்கையில் கிடக்கிற யாரோ ஒரு கிழவியை அள்ளைக்கு அள்ளை கிறுக்கி, புரட்டிவிட்டு, முதுகு துடைத்து, பவுடர் போடுவதுதான் அவள் வேலை. இங்கே அவள் புருசன் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துத் தானே உருண்டு கிறுகினார். மகள் கஜானி வாகரையில் வாழ்க்கைப்பட்டவள், பிள்ளை பெற்று இன்னும் முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியவில்லை. மிஞ்சியது அடுத்த வளவிலிருக்கிற தமக்கையின் மகள் வதனி. அவளும் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு அல்லாடுகிறவள். காலையும் மத்தியானமும் சோற்றைக் கொண்டுவந்து மூடி வைத்துவிட்டு, "மாமா, திண்டுபோட்டுப் படுங்க" என்று ஓடிவிடுவாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது.

ஆஸ்பத்திரியால் வந்த புதிதில் ஊரே வந்தது. மோல்டட் மில்க், பிஸ்கட் பக்கற், ஆளுக்கொரு புத்திமதி. பிறகு வரவு குறைந்தது, பிறகு நின்றே போனது. மனிசருக்கும் வேலை வெட்டி இருக்கிறதுதானே. கச்சான் காற்று தொடங்கியிருந்தது. மேற்கேயிருந்து புழுதியும் சூடுமாக வந்து தகரக் கேற்றை ஆட்டும். அது கிறீச்சிடுகிற ஒவ்வொரு தரமும் வினாயகமூர்த்தி தலையைத் தூக்கிப் பார்ப்பார். காற்று என்று தெரிந்துகொண்டேதான் பார்ப்பார். இடுப்பைச் சுற்றிப் போட்ட பட்டிக்குள் வேர்வை ஊறி நமைச்சல் எடுக்கும். சொறியக் கை எட்டாது. பின்னேரத்தில் வாவிப் பக்கமிருந்து சேற்று மணமும், தோணி இழுத்து வைக்கிறவர்களின் சிரிப்பும் வரும். அந்தச் சிரிப்பில் ஒன்றிரண்டு பேரை இன்னாரென்று அவருக்குத் தெரியும். ஒருத்தராவது இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் என்ன என்று நினைப்பார். நினைத்துவிட்டு, என்னத்துக்கு என்று தன்னையே ஏசிக்கொள்வார். பேச்சற்றுப் போன வீட்டில் மனுசன் ஆறு மணிக்கே சுருண்டு படுத்தார்.

கோயில் கதவு திறந்த அன்று காலையில் உடம்பு கணகணவென்று காய்ந்தது. சட்டையின் முதுகுப்பக்கம் நனைந்திருந்தது. வேர்வையாக்கும் என்று கழற்றிப் பார்த்தார். மஞ்சளாய் ஒரு கறை. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பழுது, சீழ்தான். டொக்டர் சொன்னது ஒரு சொல் விடாமல் ஞாபகம் வந்தது. வதனி வரட்டும், சொல்லுவோம் என்று சட்டையைச் சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே போட்டார்.

வதனி வந்தாள். சோற்றுக் கோப்பையை வைத்தவள் அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றாள். நெற்றியில் கை வைக்கப் போனவள் கழுத்தையும் நெஞ்சையும் கண்டு கையை இழுத்துக்கொண்டாள். அங்கெல்லாம் சிவப்புச் சிவப்பாய்ப் புள்ளி. அடுத்த குறிச்சியில் இரண்டு பிள்ளைகளுக்குக் கொப்புளிப்பான் போட்டிருந்த நேரம் அது. அதை அந்த ஊரில் நோய், வருத்தம் என்று வாய் தவறியும் சொல்லமாட்டார்கள். அம்மாள் வந்திருக்கிறா என்பார்கள், உடம்பில் எழும்பும் கொப்புளத்தை முத்து என்பார்கள். வைகாசி மாதம், கதவு திறந்த நாள், காய்ச்சல், சிவப்பு. வதனி இரண்டு அடி பின்னே வைத்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மாமா, அம்மாள் வந்திரிக்கா" என்றாள்.

அந்த இடத்தில்தான் வினாயகமூர்த்தி வாயைத் திறந்திருக்க வேண்டும். சட்டை கட்டிலுக்குக் கீழேதான் கிடந்தது. காலால் தள்ளிக் காட்டியிருந்தாலே போதும். ஆனால் வதனியின் முகத்தில் அப்படி ஒரு பயபக்தி. இத்தனை நாளும் தன்னைக் கடந்து சுவரையும் மணிக்கூட்டையும் பார்த்துப் பேசிய பிள்ளை, இப்போது தன்னையே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாள். மனுசன் ஒன்றும் சொல்லவில்லை.

மத்தியானத்துக்குள் வளவு வாசலில், கடப்படியில், வேப்பிலை கட்டியாயிற்று. தலைமாட்டிலும் ஒரு கொத்து. அம்மாள் வந்த வீட்டுக்கு ஒரு முறை இருக்கிறது. மீன் இல்லை, தாளிதம் இல்லை, மருந்து குளிசை இல்லை, தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை வெளியார் உள்ளே வரவும் கூடாது, உள்ளவர் வெளியே போகவும் கூடாது. வதனி மோர்ச்சோற்றைக் கரைத்துக் கொண்டுவந்து வாசற்கட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். கஜானி வாகரையிலிருந்து போன் எடுத்து அழுதாள். முப்பத்தொன்று கழித்து இந்த ஞாயிறு பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வருவதாக இருந்தவள், இனி எப்படி வருவது? வராதே மகள் என்று அவரே சொன்னார்.

ஆனால் பாருங்கள், ஊர் வந்தது. கடப்படிக்கு வெளியேதான், என்றாலும் வந்தது. கோயிலுக்குப் போகிற பெண்கள் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். யாரோ செவ்விளநீர்க் குலையை வேலியோரம் வைத்துவிட்டுப் போனார்கள். கோயில் பூசை பார்க்கிற கட்டாடியார் மஞ்சளும் தீர்த்தமும் கொடுத்தனுப்பி, "அம்மாள் ஆசைப்பட்ட வீட்டுக்கு வந்திரிக்கா, ஆறி இறங்குவா" என்று சொல்லச் சொன்னாராம். மூட்டை தூக்குகிற மூர்த்தியின் வீட்டுக்கு அம்மாள் ஆசைப்பட்டு வந்தாளாம். காய்ச்சலோடு காய்ச்சலாக மனுசனுக்குச் சந்தோசமாக இருந்தது. மெய்யாகவே இருந்தது.

பகலில் காய்ச்சல் ஏறி உடம்பு நடுங்குகிற நேரம், சீதேவிப்பிள்ளையின் பன்பாய் விரித்திருந்த மூலையைப் பார்த்து அவர் அம்மாளோடு கதைக்கத் தொடங்கினார். முதலில் கும்பிட்டுத்தான் கதைத்தார். பிறகு வீட்டு ஆளோடு கதைக்கிற மாதிரி வந்துவிட்டது. கேற்றுக்கு எண்ணெய் விடவேண்டும் என்று சொன்னார். மகளின் பிள்ளை ஆரைப்போல இருக்கும் என்று கேட்டார். வருசம் முழுக்கப் பூட்டிய கதவுக்குள் எப்படித்தான் இருக்கிறாயோ தாயே என்று ஒரு தரம் கேட்டுவிட்டு, தான் கேட்டதற்குத் தானே அழுதார். முதுகுக்குள் இடித்து இடித்துக் குத்தியது. எழும்பி இருக்க முடியவில்லை. மாற்றிப் போட்ட சட்டைகளும் நனைந்தன. அவற்றையும் கட்டிலுக்குக் கீழேதான் போட்டார்.

வெள்ளிக்கிழமைதான் சீதேவிப்பிள்ளைக்குக் கொஞ்சம் ஓய்வு. மற்ற நாளில் இரண்டு சொல் குரல் செய்தி போடுவாள். வெள்ளியில்தான் முகம் பார்த்துக் கதைப்பாள். கிழவி சாப்பிட்டுத் தூங்குகிற நேரமாகப் பார்த்து எடுத்தாள். இவர் முகத்தைப் பார்க்குமுன் அவள் கண் தலைமாட்டுக்குத்தான் போனது.

"அது என்ன, வேப்பிலையா?"

விசயத்தைச் சொன்னார். உடனே அவளும் போனைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். அவளும் அந்த ஊர்ப் பெண்தானே. எத்தனை நாளாக, சோறு ஆர் தாறது, தீர்த்தம் குடிச்சீங்களா என்றெல்லாம் கேட்டாள். பிறகு நெஞ்சைக் காட்டச் சொன்னாள். காட்டினார். அவள் போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக் கனநேரம் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க, முத்தெண்டா தண்ணி கோத்து நிக்கும். இது வேர்க்குரு. கச்சானுக்கு உங்களுக்கு வருசா வருசம் போடுறதுதானே. மறுகா வேற எங்க இரிக்கி? முதுகில?"

"என்ட முதுகு எனக்கென்னெண்டு தெரியும்?"

"ஒப்பரேசன் செய்த இடத்த ஆரும் பாக்கல்லயா?"

அவர் தலைமாட்டு வேப்பிலையைப் பார்த்தார். பட்டியைக் கழற்றச் சொன்னாள், சட்டையைத் தூக்கச் சொன்னாள், போனைப் பின்னால் பிடிக்கச் சொன்னாள். கட்டில் சட்டத்தைப் பிடித்து ஒருவாறு கிறுகி, ஒரு கையை முதுகுக்குப் பின்னே வளைத்துப் போனைப் பிடித்தார். அவள் முகம் இனித் தெரியாது. அவருக்கு முன்னால் சுவர்தான் இருந்தது. குவைத்து வீட்டின் ஏசி இரைவதுதான் கேட்டது.

"முத்து இரிக்கா புள்ள?" என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லிவிடு என்பதுபோல் கேட்டார்.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"தையல் வெட்டின இடம் வாய் திறந்து கிடக்கு. பழுது வடியுது. சுத்திவரச் சிவந்து வீங்கிக் கிடக்கு. இந்தக் கிழவிக்கு ஒரு சின்னப் புண் வந்தா நான் ராவிருந்து பாக்கன். நீங்க அங்க இப்பிடிக் கிடக்கிறீங்க." பிறகு கேட்டாள்: "உங்களுக்கு இது தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் ஒருத்தரிட்டயும் சொல்லல்ல?"

அதற்கு அவர் என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருக்கையில் அங்கே மணி அடித்தது. கிழவி எழும்பிவிட்டாள். சீதேவிப்பிள்ளை, வதனிக்கு எடுக்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

சற்று நேரத்தில் கடப்படியில் வதனியின் சத்தம் கேட்டது. கையில் போன், அதற்குள் சீதேவிப்பிள்ளை, பக்கத்தில் வதனியின் புருசன் பிரதீஸ். சொந்த ஆட்டோ வைத்திருப்பவன், இடக்குப் பேசத் தெரியாதவன். வதனிதான் மறுத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் வார்க்காமல் அம்மாள் வந்த ஆளை வெளியே எடுப்பதா, அதுவும் குளிர்த்தி பாடுகிற நாளில், அதுவும் ஆற்றைக் கடந்து? வாவியை அவர்கள் ஆறு என்றுதான் சொல்வார்கள். அம்மாள் கோபித்தால் தன் பிள்ளைகளில் வந்து போட்டுவிடுவாளே என்று அழுதாள். போனுக்குள்ளிருந்து சீதேவிப்பிள்ளையின் குரல் கேற்றைத் தாண்டி முற்றத்துக்குக் கேட்டது.

"வதனி, அம்மாள்ட கோவம் வாறதெண்டா என்னில வரட்டும். நான்தான் சொன்னனெண்டு சொல்லு. கடலுக்கு அங்கால இரிக்கன், தேடி வரட்டும். உன்ட பிள்ளையளுக்கு ஒண்டும் வராது. அவரைக் கொண்டு போ, புள்ள."

வதனி அசையவில்லை. பாவம், அவள் என்ன செய்வாள். தெய்வத்துக்கும் மாமிக்கும் நடுவே நின்றாள். வேப்பிலைக்கு அந்தப் பக்கம் கால் வைக்க அவளால் முடியவில்லை.

வினாயகமூர்த்தி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டார். எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. கண் இருட்டியது, இடது கால் தன் சொல் கேட்கவில்லை. அந்தக் காலைப் பார்த்ததும்தான் அவருக்கு உண்மையில் பயம் பிடித்தது. இந்தக் கால் போனால் பிறகு இந்த வீட்டுக்குள்ளேயே கிடந்து சாகவேண்டியதுதான்.

"வதனி, இது அம்மாள் இல்ல" என்றார்.

"அப்பிடிச் சொல்லாதீங்க மாமா. குத்தம்."

"அவ வந்திருந்தா நல்லாத்தான் இரிக்கும், மகள். வரல்ல. எனக்குத் துவக்கத்திலயே தெரியும். கட்டிலுக்குக் கீழ போய்ப் பாரு, சட்டையெல்லாம் கிடக்கு."

வதனி அவரைப் பார்த்தாள். பிறகு போனைப் புருசனிடம் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏச்சு ஒன்றும் வரவில்லை. "ஏன் மாமா, எனக்கிட்டயாவது சொல்லக்கூடாதா" என்று மட்டும் கேட்டாள். ஏச்சை வாங்கியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும்.

ஆட்டோவின் பின் சீற்றில் அவரைச் சரித்துக் கிடத்தி வதனி பிடித்துக்கொண்டாள். ஒழுங்கை நெடுகப் பட்டுச்சேலையும் பூவுமாகக் கோயிலுக்குப் போகிற சனம் ஒதுங்கி நின்றது. கும்பிட்டவர்களும் உண்டு, முகத்தைத் திருப்பியவர்களும் உண்டு. தண்ணீர் வார்க்காமல் வெளியே எடுத்த செய்தி அதற்குள் பரவியிருந்தது. துறையில் பாதைக்குக் காத்து நின்றவர்கள் ஒருத்தரும் இவர்களோடு ஏறவில்லை. அடுத்த தரம் போகிறோம் என்றார்கள். அவ்வளவு பெரிய பாதை இந்த ஒரு ஆட்டோவை மட்டும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. கச்சான் வாவித் தண்ணீரைக் குறுக்கே அடித்துக்கொண்டிருந்தது. அலை முட்டும்போதெல்லாம் அவருடைய முள்ளந்தண்டுக்குள் மின்னல் வெட்டியது. பின்னால் கோயில் ஒலிபெருக்கியில் குளிர்த்திப் பாட்டுக் கேட்டுக்கொண்டேயிருந்து, நடு ஆற்றில் கரைந்துபோனது. கோவியாதே தாயே என்று அந்தக் கரையைப் பார்த்துச் சொன்னார். சொன்னபோது அங்கே கேட்க ஒருவரும் இல்லை என்று நெஞ்சு சொன்னது. முன்னே இருந்த தனிமையைவிட இது பெரிதாக இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் வதனியை வெளியே நிற்பாட்டிவிட்டு அவரை மட்டும் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பார்க்க வந்த டொக்டர் சின்னப் பெண், கஜானியின் வயதுதான் இருக்கும். அவசரப்படவில்லை. முதலில் மூச்சை இழுத்து விடச் சொல்லி நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தாள். ஒப்பரேசன் செய்து படுத்துக் கிடக்கிற ஆட்களுக்குச் சளி கட்டியும் காய்ச்சல் வருமாம். சலம் போகிறபோது எரிகிறதா என்று கேட்டாள், குழாய் போட்ட ஆட்களுக்கு அதாலும் வருமாம். கெண்டைக்காலை அமத்திப் பார்த்தாள், அசையாமல் கிடந்தால் அங்கே இரத்தம் கட்டியும் காயுமாம். டெங்குக்கும் இரத்தம் எடுக்கச் சொன்னாள். இத்தனையையும் அவருக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லிச் சொல்லியே செய்தாள். கால் விரலை ஆட்டச் சொன்னாள். வலது கால் ஆடியது. இடது கால் யோசித்து யோசித்துத்தான் ஆடியது.

"ஆடுது, அது நல்லம். இனி முதுகைப் பாப்பம் ஐயா, மெதுவாத் திரும்புங்க."

திரும்பினார். பக்கத்தில் நின்ற தாதி மிஸ்ஸி சட்டையைக் கத்தரியால் வெட்டி எடுத்தார். பிறகு டொக்டர் சொன்னாள், கிருமி உள்ளே இறங்கியிருக்கிறது, இன்றைக்கே தியேட்டருக்குக் கொண்டுபோய்த் திறந்து கழுவவேண்டும், கனநாள் ஊசி மருந்து ஏற்றவேண்டும், காலைக் காப்பாற்றலாம் என்றுதான் நம்புகிறோம் என்று.

"இவ்வளவு நாளும் ஏன் வராம இருந்தீங்க? காய்ச்சலெண்டா உடனே வாங்கவெண்டு சொல்லித்தானே அனுப்பியிருப்பம்?"

சீதேவிப்பிள்ளையிடம் சொல்ல முடியாமல் போனதை இந்தப் பிள்ளையிடம் சொன்னார்.

"அம்மாள் வந்திரிக்காவெண்டு சொன்னாங்க, மகள். இல்லையெண்டு எனக்குத் தெரியும். இருந்தும், வீட்டில ஒரு ஆள் இருக்கிற மாதிரி இருந்துச்சு."

டொக்டர் எழுதிக்கொண்டிருந்ததை மிஸ்ஸியிடம் கொடுத்துவிட்டு, வீக்கம் எதுவரை போயிருக்கிறது என்று பார்க்க உள்ளங்கையை அவர் முதுகில் அகல வைத்தாள். வினாயகமூர்த்தியின் தோள் குலுங்கியது. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மனுசன் அழத் தொடங்கிவிட்டார். நொந்துவிட்டதாக்கும் என்று அவள் சட்டென்று கையை எடுத்தாள்.

"எடுக்காதீங்க, மகள்" என்றார். "நோகல்ல."

அவருக்கு உயிர் போகிற நோ நொந்தது. டொக்டர் திரும்பவும் கையை வைத்தாள்.